பிட்காயின், மொனேரோ, ஸீகேஷ்: எதில் தடம் பதியாது?

பிட்காயினில் பணம் அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தெரியாதது பெயர் மட்டும்தான். எந்த முகவரியிலிருந்து (கணக்கு எண் மாதிரி) எந்த முகவரிக்கு, எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் 2009 முதல் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவுச் சங்கிலியில் ஊரறியப் பதிவாகிக் கிடக்கிறது.

2012-இல் சில்க் ரோடு கள்ளச்சந்தைத் தளத்திலிருந்து ஒருவர் பிட்காயின்களைத் திருடினார். 2021 நவம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அவர் வீட்டைச் சோதித்தார்கள். தரையில் பதித்த பெட்டகத்திலும், குளியலறை அலமாரியில் ஒரு பாப்கார்ன் டின்னுக்குள் போர்வைக்கு அடியில் ஒளித்த சின்னக் கணினியிலுமாக 50,676 பிட்காயின் கிடைத்தது. ஒன்பது வருடம் ஆகியும் தடம் அழியவில்லை. அடையாள அட்டை கொடுத்துத் திறந்த எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளம்) கணக்கை ஒரே ஒருமுறை தொட்டால் போதும், பழைய வரவுசெலவுக்கும் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

திருடன் மாட்டினால் நல்லதுதானே? சரி. ஆனால் பிட்காயினில் சம்பளம் வாங்குபவர் கடையில் அதே முகவரியிலிருந்து பணம் கொடுத்தால், கடைக்காரர் கையில் பாஸ்புக்கையே கொடுத்த மாதிரி. எனக்கு உறுத்துவது இதுதான்.

2014-இல் வந்த மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தில் நீங்கள் செலவு செய்யும்போது, சங்கிலியில் ஏற்கெனவே உள்ள வேறு 15 வரவுகளும் சேர்ந்து நிற்கும். பதினாறில் உங்களுடையது எது என்று வெளியாள் பிரித்தறிவது கடினம். பெறுபவருக்கு ஒவ்வொரு முறையும் புது முகவரி; தொகையும் மறைவு. இது எல்லோருக்கும் கட்டாயம்.

2016-இல் வந்த ஸீகேஷ் (Zcash) என்ற இன்னொரு நாணயம், கணித வலிமையில் இதைவிட ஒரு படி மேல். அனுப்பியவர், பெற்றவர், தொகை எதையும் காட்டாமலே கணக்கு சரி என்று நிரூபித்துவிடும். ஆடிட்டருக்கு மட்டும் வரவுசெலவைக் காட்டப் பார்வைச் சாவியும் உண்டு. குறை என்னவென்றால், மறைப்பது அவரவர் விருப்பம். பிட்காயின் போலத் திறந்த முகவரிகளும் அதில் உண்டு. ஒருவர் 3.72 ஸீகேஷை மறைவுப் பகுதியில் போட்டு, அரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட அதே தொகையை வேறொரு திறந்த முகவரிக்கு எடுத்தால், கணிதத்தை உடைக்காமலே ஆளை ஊகித்துவிடலாம்.

அதனால் என் ஓட்டு மொனேரோவுக்கு. கூட்டமே முகம் மூடியிருந்தால்தான் ஒருவர் தனித்துத் தெரியமாட்டார். அதற்கான விலையும் உண்டு: 2024 பிப்ரவரியில் பைனான்ஸ் (Binance) என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் மொனேரோவை நீக்கிவிட்டது. இந்தியாவிலோ 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அங்கே போய் ரூபாயாக்கினால், சங்கிலியில் இல்லாத உங்கள் பெயர் அவர்களுடைய பதிவேட்டில் இருக்கும்.