ஜாவாவின் பழைய வழி, புதிய வழி, பைத்தானின் அக்டோபர்: எது தேவலை?

புதுப் பதிப்புகளை எப்போது வெளியிடுவது என்பதில் ஜாவா, பைத்தான் ஆகிய நிரல் மொழிகளுக்கு வெவ்வேறு வழி. ஜாவா 6 வந்தது 2006 டிசம்பரில்; ஜாவா 7 வந்ததோ 2011 ஜூலையில். இடையில் ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனமே ஆரக்கிளின் கைக்குப் போய்விட்டது. திட்டமிட்ட அம்சங்கள் முடிந்தால்தான் பதிப்பு என்பது அன்றைய வழக்கம்; ஆள் சேரும் வரை கிளம்பாத ஷேர் ஆட்டோ மாதிரி.

அதில் அதிகம் அடிபட்டது ஜிக்சா, அதாவது ஜாவாவைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரிக்கும் அமைப்பு. ஏழாம் பதிப்பில் வர வேண்டியது எட்டுக்கும், பிறகு ஒன்பதுக்கும் தள்ளிப்போனது. ஒன்பதுக்கு 2016 செப்டம்பர் என்றார்கள். அது 2017 மார்ச் ஆகி, ஜூலை ஆனது. மே மாதத்தில், ஜாவாவின் தரநிலைகளுக்கு ஒப்புதல் தரும் ஜேசிபி அமைப்பின் செயற்குழு, எதிராக 13, ஆதரவாக 10 என்ற வாக்குகளில் ஜிக்சாவை நிராகரித்தது. மறுவாக்கெடுப்பில் தேறி, செப்டம்பர் 21 அன்று ஜாவா 9 ஒருவழியாக வெளிவந்தது.

அந்த மாதமே தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரெய்ன்ஹோல்ட் புது வழியை முன்வைத்தார்: ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, மார்ச்சிலும் செப்டம்பரிலும். தயாராகாத அம்சம் அடுத்ததில் ஏறிக்கொள்ளட்டும். இது வெறும் பேச்சாகப் போகவில்லை. எழுத்துச் சரத்துக்குள்ளேயே மாறிகளின் மதிப்பைப் பொருத்தும் சர டெம்ப்ளேட்டுகள் 21, 22 ஆகிய பதிப்புகளில் முன்னோட்டமாக வந்தன. வடிவமைப்பு சரியில்லை என்று 23இல் எடுத்தே விட்டார்கள். ஆனாலும் 23 குறித்த மாதத்தில் வந்தது. பழைய வழியில் இதற்கே ஓராண்டு போயிருக்கும்.

தாமதம் தீர்ந்தது, குழப்பம் தீரவில்லை. முதலில் ஜாவா 10க்கு ‘18.3’ என்று பெயர் வைக்கப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். பல ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் மூன்றாண்டுக்கு ஒன்று என்றிருந்தது (11, 17), பிறகு இரண்டாண்டு ஆனது (21, 25). ஆரக்கிள் வெளியிடும் ஜேடிகே (ஜாவா நிரல் எழுதி இயக்கும் கருவித்தொகுப்பு) 11க்கு வணிகப் பயன்பாட்டில் கட்டணம். 17இல் மீண்டும் இலவசம், அதுவும் காலவரம்போடு. பல அலுவலகங்கள் நெடுநாள் ஜாவா எட்டிலேயே உட்கார்ந்துவிட்டதில் வியப்பென்ன?

பைத்தானில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். 3.9 தொடங்கி ஆண்டுக்கு ஒன்று, அக்டோபரில். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு, எல்லாம் ஒரே தகுதி. ஆனால் பைத்தான் பழையதைத் தயங்காமல் வெட்டும். 3.12இல், நிரல்களைப் பொதிகட்டி நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸை நீக்கியபோது, எச்சரிக்கை முன்பே வந்திருந்தும், பல பழைய நிறுவல் நிரல்கள் படுத்துவிட்டன. ஜாவா இதில் நிதானம்.

அட்டவணையை மட்டும் பார்த்தால் என் ஓட்டு பைத்தானுக்கே. ஜாவாவில் இருப்பவர்கள் ஆதரவுப் பதிப்புகளை மட்டும் பிடித்துக்கொண்டு, நடுவில் வருபவற்றைச் சோதனைக் கணினியோடு நிறுத்திக்கொள்ளலாம். அவற்றுக்கு ஆறே மாதம்தான் ஆயுள்.