பிங் கிராஸ்பியின் ‘மெரி கிறிஸ்மஸ்’ இசைத்தொகுப்பு

அமெரிக்கப் பாடகர் கிராஸ்பி பாடிய ‘வொயிட் கிறிஸ்மஸ்’ என்ற ஒரு பாடலுக்காகவே இத்தொகுப்பை வாங்கலாம். அதை எழுதிய இர்விங் பெர்லின், ரஷ்யப் பேரரசிலிருந்து சிறுவனாக அமெரிக்கா வந்த யூதர். 1942-இல் வெளியான அப்பாடலில் குழந்தை இயேசுவும் இல்லை, மாட்டுத்தொழுவமும் இல்லை, போர்முனையில் இருந்தவர்களை உருக்கிய வீட்டு நினைவு மட்டுமே இருக்கிறது. 1975 ஏப்ரலில், வியட்நாம் போரின் முடிவில் சைகோனை விட்டு அமெரிக்கர்கள் வெளியேறுவதற்கான வானொலிச் சமிக்ஞையாகவும் அது ஒலித்தது.

‘மெரி கிறிஸ்மஸ்’ என்று வாழ்த்துவதா, எல்லா மதத்தினருக்கும் பொதுவாக ‘ஹேப்பி ஹாலிடேஸ்’ என்பதா என்று மல்லுக்கட்டும் அமெரிக்க அரசியல்வாதிகளுக்கு, ‘ஹேப்பி ஹாலிடே’ என்ற பாடலையும் ‘வொயிட் கிறிஸ்மஸ்’ இடம்பெற்ற அதே ‘ஹாலிடே இன்’ திரைப்படத்துக்காக அதே பெர்லின்தான் எழுதினார் என்பதை யாராவது சொல்லலாம். ஆன்ட்ரூஸ் சகோதரிகளுடன் கிராஸ்பி பாடிய ‘ஜிங்கிள் பெல்ஸ்’ துள்ளுகிறது. ‘சைலன்ட் நைட்’ எனக்குச் சற்றுக் கனமாகவே ஒலிக்கிறது. வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘வொயிட் கிறிஸ்மஸ்’ பாடலில் இன்று பரவலாகக் கிடைப்பது, மூலத்தட்டு தேய்ந்துபோனதால் 1947-இல் கிராஸ்பி மீண்டும் பாடிய பதிவு.