இரண்டாம் இடத்தில் இருந்தவருக்கு வரும் சலுகை: ஏற்கும் முன் ஏல வரலாற்றைத் திறந்து பாருங்கள்

பழைய மைப்பேனாக்களை இணைய ஏலத்தில் எடுப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன் என்றாலும், கேமரா லென்ஸ், நாணயம், கைக்கடிகாரம் என எதை ஏலத்தில் எடுப்பவருக்கும் இது நேரக்கூடியதே.

சில மாதங்களுக்கு முன், வெளிநாட்டு ஏலத்தளம் ஒன்றில் 1940களைச் சேர்ந்த பார்க்கர் 51 பேனா ஒன்று வந்திருந்தது. வாக்குமேட்டிக் முறையில் மை நிரப்பும் பழைய வகை. உடலில் விரிசல் இல்லை. என்னால் தரக்கூடிய உச்சத் தொகையாக 186 டாலரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். இத்தகைய தளங்களில் நாம் பதியும் உச்சத் தொகை எவர் கண்ணுக்கும் தெரியாது. வேறொருவர் கேட்கும்போது, அவரை முந்துவதற்குத் தேவையான ஒரு படியை மட்டும் தளமே நம் சார்பில் ஏற்றும். கடைசி நாள் காலை வரை எனக்கு எதிரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் 97 டாலரோடு நின்றுவிட்டதால், பேனா 98 டாலரில் என் பெயரில் இருந்தது.

மாலையில் புதிதாக ஒருவர் நுழைந்தார். 105, 120, 140, 160, 180 என்று அவர் ஏற்ற ஏற்ற, என் சார்பில் தளமும் பதில் ஏற்றிக்கொண்டே போயிற்று. அடுத்ததாக அவர் 190 கேட்டவுடன் என் எல்லை முடிந்தது; ஏலம் என் 186க்கு ஒரு படி மேலாக, 188.50 டாலருக்கு அவர் பெயரில் முடிந்தது. இரண்டு நாள் கழித்து விற்பனையாளரிடமிருந்து தளத்தின் வழியாகவே ஒரு சலுகை வந்தது. ஏலத்தை எடுத்தவர் பணம் செலுத்தவில்லை என்றும், இரண்டாம் இடத்தில் இருந்த நான் விரும்பினால் என் தொகையான 186 டாலருக்கே பேனாவைப் பெறலாம் என்றும் அதில் இருந்தது. கை நழுவிய பேனா திரும்பி வருகிறதே என்ற மகிழ்ச்சியில் அன்றே பணம் செலுத்திவிட்டேன்.

ஏல வரலாற்றை, அதாவது யார் எப்போது எவ்வளவு கேட்டார் என்ற பட்டியலை, பிறகுதான் பார்த்தேன். பணம் செலுத்தாத அந்த நபரின் ஏலக் கேள்விகளில் (ஏலத்தில் அவர் கேட்ட தொகைகளில்) 100 சதவீதமும் இதே விற்பனையாளரின் பொருள்களுக்கே உரியவை. அந்த விற்பனையாளர் நடத்திய வேறு இரண்டு பேனா ஏலங்களிலும் கடைசி நாளில் நுழைந்து, சிறு சிறு படிகளாக விலையை ஏற்றியிருந்தார். ஆள் வைத்து ஏலம் ஏற்றுவது தளத்தின் விதிப்படி குற்றம்தான். ஆனால் அவர் விற்பனையாளரின் ஆள் என்று என்னால் மெய்ப்பிக்க இயலவில்லை. முறையிட்டபோது, நீங்கள் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் உங்களிடம் எதுவும் வாங்கப்படவில்லை, சலுகையை ஏற்க வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை என்ற அளவில் பதில் முடிந்துவிட்டது.

இந்தப் பதில் பார்வைக்கு நியாயமாகத் தோன்றுவதுதான் சிக்கல். 186 டாலர் என்பது நான் சொன்ன விலை அன்று. உண்மையான போட்டி அதுவரை தள்ளினால் மட்டும் தருவேன் என்ற நிபந்தனையோடு நான் தளத்திடம் இரகசியமாக ஒப்படைத்த எல்லை. வெல்பவர் தம் உச்சத்தைச் செலுத்தாமல், அடுத்தவரின் கேள்வியை ஒட்டிய விலையைச் செலுத்தினால்தான் மக்கள் தம் மனத்தில் உள்ள மதிப்பை அஞ்சாமல் வெளியிடுவார்கள் என்பதைப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே விளக்கியிருக்கிறார். இணைய ஏலமும் ஏறக்குறைய அந்த உறுதியின் மேல்தான் நிற்கிறது. பணம் தராதவரின் கேள்விகள் அனைத்தையும் அடித்துவிட்டால் எஞ்சுவது நானும் 97 டாலர்காரரும்தான். ஆகவே நியாயமான விலை 98 டாலர். நான் கொடுத்ததோ அதற்கு மேல் 88 டாலர். ஏலத்தை எடுத்தவர் உண்மையிலேயே ஏமாற்றிவிட்டுப் போன நேர்மையான விற்பனையாளர்களும் உண்டு, அவர்களுக்கும் இழப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இழப்பை மூன்றாமவரான நான் ஏன் ஈடுசெய்ய வேண்டும்?

இரண்டாம் இடத்தவருக்கு இப்படிச் சலுகை அனுப்புவது ஒரு தளத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஈபே ஏலத்தளத்தில் இதற்குச் செகண்ட் சான்ஸ் ஆஃபர் என்று பெயர். ஏலத்தை எடுத்தவர் பணம் தராதபோதும், விற்பனையாளரிடம் அதே பொருள் இன்னொன்று இருக்கும்போதும் அனுப்பலாம். விலை, பெறுபவர் கேட்ட உச்சத் தொகையே. ஏற்காமல் விட்டால் எந்தப் பாதகமும் இல்லை. ஆகவே இத்தகைய செய்தி வந்தால், முதலில் அது தளத்தின் உள்ளே இருக்கும் செய்திப் பெட்டியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். மின்னஞ்சலில் மட்டும் வந்து, பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்பச் சொன்னால் அது முழு மோசடி. உண்மையான சலுகைதான் என்றால், ஏல வரலாற்றைத் திறந்து, விலகியவரின் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சும் விலையைக் கணக்கிடுங்கள். அந்த விலைக்குப் பொருளை நேரடி விற்பனையாகப் பட்டியலிட முடியுமா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். நேர்மையானவர் பேரத்துக்காவது வருவார்.

பேனா இப்போது என் மேசையில்தான் இருக்கிறது, நன்றாகவே எழுதுகிறது. அதே விற்பனையாளரின் இன்னொரு ஏலம் சென்ற வாரம் முடிந்தது, எடுத்தவர் அதே ஆள். இரண்டாம் இடத்தில் இருந்தவரை எச்சரிக்க முயன்றேன். போலிச் சலுகைகளிலிருந்து காக்கவென்று பெயரின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் தவிர மற்றதைத் தளம் மறைத்திருப்பதால், அவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை.