ஆபீசுக்கு சர்வரும் பிரிண்டரும் போடுகிறவர்களே, காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

மதுரை சிம்மக்கல் பக்கம் வரிக் கணக்கு பார்க்கும் சின்ன அலுவலகம் என்னுடையது. ஐந்து கம்ப்யூட்டர். வாடிக்கையாளர் ஃபைல்கள் ஆளுக்கொரு மெஷினில் சிதறிக் கிடந்ததால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க ஃபைல் சர்வரும், அதோடு ஒரு நெட்வொர்க் பிரிண்டரும் போட்டுத் தரச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தேன். கூலி மட்டும் 8,500 ரூபாய். டெஸ்ட் பேஜ் வந்ததும் காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பில் கேட்டால் துண்டுச்சீட்டு.

பத்தாம் நாள் கரண்ட் போய் வந்தது. எல்லா மெஷினிலும் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’. வந்தார், பிரிண்டரை அழித்து மறுபடி சேர்த்தார், 600 ரூபாய். அடுத்த முறை 20-ஆம் தேதி. ஜிஎஸ்டி மாதக் கணக்கான 3பி தாக்கலுக்குக் கடைசி நாள், வாசலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் நான்கு முறை இப்படி. “உங்க ஏரியா கரண்ட் சரியில்ல மேடம்” என்பதுதான் ஒவ்வொரு தடவையும் பதில்.

கடைசியில் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். பிரிண்டரிலிருந்தே ஒரு தாள் எடுத்தார். அதில் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் பிரிண்டரின் விலாசம், 192.168.1.8 என்று இருந்தது. என் கம்ப்யூட்டரில் பிரிண்டரின் முகவரியாகப் பதிந்திருந்தது 192.168.1.5. இரண்டையும் பேனாவால் கோடு போட்டுக் காட்டி, “வீடு மாறினவருக்குப் பழைய விலாசத்துல தபால் போட்டுக்கிட்டிருக்கீங்கக்கா” என்றார். ரவுட்டர் அணைந்து எரியும்போது பிரிண்டருக்கு வேறு முகவரி கொடுத்துவிடுகிறது. ரவுட்டரிலேயே இந்தப் பிரிண்டருக்கு இந்த முகவரிதான் என்று நிரந்தரமாக ஒதுக்கினார். பத்து நிமிட வேலை. தொழில் தெரிந்தவர் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பணம் போனதை விட்டுவிடலாம். சர்வரைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. மொத்த ஃபோல்டரும் ‘எவ்ரிஒன்’, ‘ஃபுல் கண்ட்ரோல்’, பாஸ்வேர்டு கிடையாது. எங்கள் வைஃபையில் சேர்ந்த யார் வேண்டுமானாலும் வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல்களை எடுக்கலாம், அழிக்கலாம். போதாததற்கு, ஸ்கேன் நேராக ஃபோல்டருக்கு வர வேண்டும் என்று நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1-ஐ வேறு திறந்து வைத்திருந்தார். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை, அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. எங்கள் பிரிண்டரின் ஃபர்ம்வேரை (அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பித்ததும் அது இல்லாமலே ஸ்கேன் வேலை செய்கிறது.

இப்போது ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. வாராவாரம் தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுத்து, வயரைக் கழற்றி பீரோவில் வைக்கிறேன்.

நீங்கள் யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்தால், டெஸ்ட் பேஜைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். ரவுட்டர், பிரிண்டர், சர்வர் மூன்றையும் அணைத்துப் போட்டு, அப்புறம் ஐந்து மெஷினிலிருந்தும் பிரிண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் போனை வைஃபையில் சேர்த்து, பாஸ்வேர்டு இல்லாமல் ஃபோல்டர் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு அலுவலகங்களுக்கு அதே ஆள்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார். நேற்று தம்பியோடு போய்ப் பார்த்தேன். இரண்டிலும் அதே ‘எவ்ரிஒன்’.