கருத்தடை ஆலோசனை: வீடியோவில் டாக்டரா, நேரில் நர்ஸா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருத்தடை பற்றிக் கேட்கக் கூச்சப்படாதவர்கள் குறைவு. வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா நிற்பார், கிராம நர்ஸுக்கு நம் மாமியாரை நன்றாகத் தெரியும். 2020 ஏப்ரலில் மத்திய அரசின் வீடியோ மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனி ஓபிடி வந்தபோது இந்தக் கூச்சத்துக்கு ஒரு மாற்றுவழி கிடைத்தது. பைசா செலவில்லாமல், வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம். அப்படியானால் நேரில் போகவே வேண்டாமா? அது எந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மாத்திரை என்றால் என் ஓட்டு வீடியோவுக்கு. மாலா-என் போன்ற கலப்பு ஹார்மோன் மாத்திரையைத் தொடங்க உள்பரிசோதனை எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது கேள்விகள்தான். 35 வயதைத் தாண்டியும் புகைபிடிப்பவரா? ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் கண்ணில் ஒளிக்கோடுகள் மின்னுமா? காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறாரா? பிரசவமாகி எத்தனை வாரம், தாய்ப்பால் கொடுக்கிறாரா? கூட்டம் நெரியும் ஓபியில் இவ்வளவையும் நிதானமாகக் கேட்பார்களா என்பது சந்தேகம்.

ஆனால் பிரஷரைக் கேமராவால் பார்க்க முடியாது. மேல் அளவு 140, கீழ் அளவு 90 என்ற எல்லையைத் தொட்டுவிட்டால் இந்த மாத்திரையைப் பொதுவாகத் தரமாட்டார்கள். பேசுவதற்கு முன் பக்கத்துக் கிளினிக்கில் ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

சாயா மாத்திரையில் ஹார்மோனே கிடையாது, தாய்ப்பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். மஞ்சள்காமாலை, சினைப்பை நீர்க்கட்டி போன்றவை இருந்ததா என்று டாக்டர் விசாரிப்பார். முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. கணக்குத் தவறுவது இங்கேதான், அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு போன் போதும்.

காப்பர்-டி, அந்தரா ஊசி இரண்டும் கை படாமல் நடக்காது. காப்பர்-டியைப் பொருத்த ஆள் வேண்டும், 5 ஆண்டு வகையோ 10 ஆண்டு வகையோ அரசு மருத்துவமனையில் இலவசம். ஊசிக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை போயாக வேண்டும். இருந்தாலும் ஊசி போட்டபின் மாதவிலக்கு தாறுமாறானால் பயந்து நிறுத்திவிடாமல், “இது எதிர்பார்த்ததுதானா?” என்று கேட்க வீடியோவே வசதி.

வீடியோ நிஜமாகவே திணறுவது அவசரத்தில். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரைக்குச் சட்டப்படி டாக்டர் சீட்டே தேவையில்லை. ஆனால் தமிழ்நாட்டு மெடிக்கல் ஷாப்களில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் “இல்லை” என்றுதான் பதில் வரும். டாக்டர் திரையில் எவ்வளவு நல்லவராக இருந்தும் என்ன பயன்? அந்த நேரத்தில் நேராக அரசு மருத்துவமனைக்குப் போவதே மேல். 5 நாளுக்குள் காப்பர்-டி பொருத்தினாலும் கர்ப்பம் தவிர்க்கப்படும், மாத்திரையைவிட அது நிச்சயமான வழி.

மறுபடி கூச்சத்துக்கே வருகிறேன். வீடியோவில் ரகசியம் அதிகம் என்பது தனக்கென்று போன் வைத்திருப்பவர்களின் கணக்கு. ஓடிபி கணவரின் எண்ணுக்குப் போகும், மருந்துச் சீட்டு அவர் போனில் கிடக்கும் என்றால் நேரில் போவதுதான் ரகசியம். தடுப்பூசி போடும் புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.