சிலிண்டரைத் தூக்க எது உதவும்: ஜிம்மா, கர்லாவா, கெட்டில்பெல்லா?

நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். உள்ளே கேஸ் 14.2 கிலோ, மிச்சமெல்லாம் இரும்பு. இரண்டு வருடம் விடாமல் ஜிம்முக்குப் போய், சட்டைக் கை இறுக்கிப் பிடிக்கும் அளவுக்கு ஆர்ம்ஸ் ஏற்றி வைத்திருந்த நான், 44 வயதில் ஒரு நாள் அந்தச் சிலிண்டரை பால்கனியிலிருந்து அடுப்படிக்குக் கொண்டுபோகக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது, மூன்று நாள் படுக்கை. சிலிண்டரை உள்ளே உருட்டிக்கொண்டு போனது என் மனைவி.

அதற்கப்புறம்தான் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு எனக்கு நானே மூன்று பரீட்சை வைத்துக்கொண்டேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையூன்றாமல் எழ வேண்டும். அரிசி மூட்டையை இரண்டு மாடி ஏற்ற வேண்டும். ரயிலில் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி மேல் பெர்த்தில் வைக்க வேண்டும். (2022இல் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி போட்டதும் மூட்டை 26 கிலோவாகிவிட்டது. வரியை மிச்சம் பிடித்தது ஆலைக்காரர், அந்த ஒரு கிலோவைச் சுமப்பது நம் தோள்.)

முதல் பரீட்சை நான் கண்டுபிடித்ததில்லை. பிரேசில் மருத்துவர் கிளாடியோ ஜில் அராவ்ஜோவும் அவர் குழுவும் 51 முதல் 80 வயது வரையிலான சுமார் 2,000 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 10 மதிப்பெண். கையையோ முட்டியையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறையும். மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களிடையே அடுத்த சில வருடங்களில் இறப்பு தெளிவாக அதிகமாக இருந்தது. எழ முடியாததே அவர்களைக் கொன்றது என்று இதற்கு அர்த்தமில்லை. கால் பலம், மூட்டு வளைவு, நிதானம், உடல் எடை எல்லாமே அந்த ஒரு அசைவில் தெரிந்துவிடுகின்றன. பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட காலத்தில் இந்தப் பரீட்சையை எல்லோரும் எழுதிக்கொண்டுதான் இருந்தோம். இப்போது கல்யாண மண்டபத்தில் மேஜை, நாற்காலி.

சரி, ஜிம். மெஷின்களைக் குறை சொல்வது இப்போது ஃபேஷன், ஆனால் அவற்றிலும் நல்லது உண்டு. எடை போகும் பாதையை மெஷினே பார்த்துக்கொள்கிறது, அடிபடுவது குறைவு, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். அறுபது வயதில் முதன்முதலாக ஆரம்பிப்பவருக்கு இது நல்ல வாசல். சிக்கல் என்னவென்றால், நாம் சாய்ந்து உட்கார்ந்திருப்போம். உடம்பை நிலையாகப் பிடித்துவைக்கும் வேலையை சீட்டே செய்துவிடும். இடுப்புக்கும் வயிற்றுக்கும் அங்கே உத்தியோகமில்லை. சிலிண்டருக்கோ சீட்டு கிடையாது.

அதே ஜிம்மின் மூலையில் கிடக்கும் ராடு, அதாவது இரண்டு முனையிலும் எடைத்தட்டு மாட்டும் நீளக் கம்பி, வேறு கதை. ஸ்க்வாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் இரண்டையும் ஒழுங்காகச் சொல்லித்தர ஒரு மாஸ்டர் கிடைத்தால், வெறும் பலத்தைக் கூட்ட இந்தப் பட்டியலில் வேறெதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. தரையிலிருந்து மூட்டை தூக்குவதுதானே டெட்லிஃப்ட்! நான் போன இடத்தில் கேட்டபோது, “அதெல்லாம் போட்டிக்குப் போற பசங்களுக்கு சார், உங்களுக்கு இன்னிக்கு பைசெப்ஸ்” என்று பதில் வந்தது. திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக் என்று போகும் அந்த அட்டவணையில் கால் எப்போதும் சனிக்கிழமை. சனிக்கிழமை பாதிப் பேர் வருவதில்லை, நானும்தான்.

கர்லாக்கட்டையை, பிடி வைத்த அந்தக் கனமான மரக்கட்டையை, ஆசையோடு வாங்கினேன். மூன்று கிலோவில் ஒன்று. மொட்டைமாடிதான் அதற்குச் சரி, அறைக்குள் சுற்றினால் ஃபேனோ டிவியோ போய்விடும். பிடியைக் கையில் இறுக்கி, கட்டையை நெஞ்சுக்கு நேரே நிறுத்தி, தோளுக்குப் பின்னால் இறக்கிவிட வேண்டும். அது முதுகை ஒட்டி ஊசல் மாதிரி ஆடி மறுபக்கத் தோள் வழியாக ஏறி முன்னால் வரும். வந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தும்போதுதான் எடை தெரியும்: மூன்று கிலோ முன்கையில் ஏழெட்டுக் கிலோவாகக் கனக்கும். முதல் வாரம் முதுகெலும்பில் இரண்டு முறை இடித்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் தோள் இளகியது. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் கூனி உட்கார்ந்து இறுகிப்போன தோளுக்கு இவ்வளவு இதமாக வேறெதுவும் எனக்கு வேலை செய்யவில்லை. மூன்றாவது பரீட்சை, ரயில் பெட்டி, பாஸ்.

கைப்பிடியும் இறுகியது. அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015இல் லான்செட் இதழில் வந்தது. பிடிவலிமை 5 கிலோ குறையக் குறைய இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. ரத்த அழுத்தத்தைவிட இது தெளிவான அறிகுறியாகவும் இருந்தது.

இன்னொன்று. இந்தக் கட்டையை இங்கிருந்த ஆங்கிலேய ராணுவத்தார் பார்த்துக் கொண்டுபோய், எடையைக் குறைத்து, ‘இந்தியன் கிளப்’ என்று பெயர் வைத்து, கடைசியில் 1904, 1932 ஒலிம்பிக்குகளில் போட்டியாகவே நடந்தது. 1932இல் தங்கம் வென்றவர் ஜார்ஜ் ராத் என்ற அமெரிக்கர். பொருளாதார மந்தக் காலம், மனிதருக்கு வேலைகூட இல்லை.

ஆனால் கர்லா காலுக்கு அதிகம் ஒன்றும் செய்யாது. ஊர்ப்பாசத்தில் இதை மறைப்பவர்கள் உண்டு. காலை முன்வைத்து மடக்கிச் சுற்றும் முறைகள் இருந்தாலும் சுமை தோளிலும் முன்கையிலும்தான். சிலிண்டர் பரீட்சையில் கர்லா மட்டும் சுற்றியவர் தோற்பார்.

அங்கேதான் கெட்டில்பெல், மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. ரஷ்யச் சந்தையில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கல்லின் வாரிசு இது. ‘பூட்’ என்ற பழைய ரஷ்ய அளவு 16.38 கிலோ, அதனால்தான் இன்றும் 16, 24, 32 என்று வருகிறது. ஸ்விங் என்ற ஒரே அசைவு போதும். முட்டியை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, குண்டைத் தொடைகளுக்கு நடுவே விட்டு, பிட்டத்தை இறுக்கி நிமிர வேண்டும். குண்டு தானாக நெஞ்சுயரம் வரும். கையால் தூக்கினால் தப்பு. முதுகை வளைத்தால் பெரிய தப்பு, பழைய இடுப்புப் பிடிப்பு உடனே வந்து விசாரிக்கும். பத்துப் பத்தாகப் பத்து சுற்று, நடுவில் மூச்சு வாங்க நேரம் விட்டால் கால் மணிக்குள் முடிந்துவிடும். இடுப்பில் மடங்கி எடையெடுக்க உடம்பு பழகுவதால், சிலிண்டருக்கு நேரான மருந்து இதுதான்.

நெல்லை, குமரிப் பக்கம் பொங்கலுக்குத் தூக்கும் இளவட்டக்கல்லையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். உருண்டை, வழவழப்பு, பிடி கிடையாது. கட்டிப்பிடித்து முட்டிக்கு, நெஞ்சுக்கு, தோளுக்கு என்று ஏற்றிப் பின்னால் போட வேண்டும். பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு வைத்த அந்தப் பரீட்சையில் வயிற்றில் எத்தனை கட்டு தெரிகிறது என்று யாரும் எண்ணவில்லை. நாற்பதுக்கு மேல் ஆசைப்பட்டு அதில் கை வைக்க வேண்டாம்.

தண்டாலும் (புஷ்-அப்) பஸ்கியும் (உட்கார்ந்து எழுவது) காசில்லாத வழி. தரைப் பரீட்சைக்கு பஸ்கியை மிஞ்ச ஆளில்லை. முட்டி வலி இருந்தால் பாதி இறங்கினால் போதும். இரண்டிலும் இழுக்கும் வேலை இல்லை, அதற்குத் தொங்க ஒரு கம்பி வேண்டும்.

காலையில் நடப்பவர்களோடுதான் எனக்கு அடிக்கடி வாக்குவாதம். “தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், இது போதாதா?” இதயத்துக்கு நல்லதுதான். வாரம் 150 நிமிடம் மிதமான உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கைத் தாண்டிவிடுவார்கள். அதே அறிக்கை, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. முப்பதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. சாப்பாட்டுச் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வதும் அந்தத் தசைதான். 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்கும் நாட்டில் இதை நடையால் மட்டும் ஈடுகட்ட முடியாது.

என் தேர்வு: நல்ல மாஸ்டர் இருந்தால் ராடு. இல்லையென்றால் வாரம் மூன்று நாள் 16 கிலோ கெட்டில்பெல், அதோடு பஸ்கி. தோளுக்குக் கர்லா, தினமும் பத்து நிமிடம். மற்ற நாளில் நடை. பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும், தூக்கும்போது மூச்சை அடக்கவும் கூடாது.

ஆர்ம்ஸ் குறைந்துவிட்டது, பழைய சட்டைகள் தொளதொளவென்று இருக்கின்றன. சிலிண்டரை இப்போது நான்தான் மாற்றுகிறேன். அரிசி மூட்டையோடு ஏறும்போது மட்டும் இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.