ஷாட் லிஸ்டா, சாஃப்ட்வேரா, அட்டையா? ஸ்டோரிபோர்டில் நான் வந்து நின்ற இடம்

ஒரு தச்சர் நாற்காலி செய்வதை நான்கு நிமிட வீடியோவாக எடுத்தோம். ஸ்ப்ரெட்ஷீட்டில் 38 வரி ஷாட் லிஸ்ட் (எடுக்க வேண்டிய ஷாட்களின் பட்டியல்) போட்டு, கேமரா நிற்கும் இடத்தை வைத்து வரிசைப்படுத்தி, அதை மட்டும் நம்பிப் போனோம். காலையில் முழு இடமும் தெரிகிற ஒரு வைடு ஷாட். தச்சர் உளியால் செதுக்குகிறார், உளி இடமிருந்து வலமாகப் போகிறது. கதையில் அதற்கு அடுத்து வர வேண்டிய ஷாட், லிஸ்டில் இருபது வரி தள்ளி இருந்தது: 'க்ளோஸ்-அப், உளி'. அவ்வளவுதான் எழுதியிருந்தோம். மதியம் மேசைக்கு அந்தப் பக்கம் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்ததால், கேமராவை அங்கே தூக்கிக்கொண்டு போய் எடுத்தோம். மரச்சுருள் உளி முனையில் எழும்பி விழுவது அத்தனை அழகாக வந்திருந்தது.

எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டினால் உளி வலமிருந்து இடமாக ஓடுகிறது. கேமரா எதிர்ப்பக்கம் போனதால் திசை புரண்டுவிட்டது, இதைத்தான் லைன் கிராஸ் என்பார்கள். படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் பார்த்தோம், வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆகிவிட்டார். நடுவில் வைக்க அவர் முகத்தை ஒரு க்ளோஸ்-அப் எடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம், அதுவும் இல்லை. அந்த நாளின் நல்ல ஷாட்டையே விட்டுவிட வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் சில வேலைகளுக்கு சாஃப்ட்வேரில் ஸ்டோரிபோர்டு, அதாவது ஒவ்வொரு ஷாட்டையும் படமாக வரைந்து கதை வரிசையில் அடுக்குவது, செய்தேன். இப்போது ஓர் அட்டைக்கு ஒரு ஷாட் என்று கையால் வரைந்துகொண்டு போகிறேன். மூன்றையும் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஒருவர் அல்லது நால்வர் சேர்ந்து எடுக்கிற சின்ன வீடியோவுக்கு அட்டைதான் சரி.

ஷாட் லிஸ்டின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. எழுத வேகம், அனுப்ப சுலபம், லென்ஸ், இடம், நேரம் என்று எதை வைத்து வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். ஸ்டோரிபோர்டில் நம் மனதில் உள்ள பிரேமை, அதாவது கேமராவுக்குள் தெரிய வேண்டிய படத்தை, கேமராமேனும் பார்க்க முடிகிறது. 'மிட் ஷாட்' என்றால் ஒருவருக்கு இடுப்பு வரை, இன்னொருவருக்கு மார்பு வரை. வரைந்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

ஆனால் என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. கதை வரிசையில் யாரும் எடுப்பதில்லை. ஒரே இடத்தில் கேமரா நிற்கும்போது 3, 9, 22 ஆகிய ஷாட்களை ஒன்றாக முடித்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்வோம். ஆகவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் இரண்டு வரிசைகள் உண்டு: கதை வரிசை, எடுக்கிற வரிசை. இரண்டாவதில் வேலை செய்யும்போது முதலாவது கண்ணில் இருக்க வேண்டும். 22ஐ எடுக்கும்போது 21 எப்படி முடிந்தது, 23 எங்கே தொடங்கும், யார் எந்தப் பக்கம் பார்க்கிறார், எந்தக் கையில் சுத்தியல் என்பதெல்லாம் அந்த நொடியில் தெரிய வேண்டும். எங்கள் உளி ஷாட் கெட்டது இங்கேதான். லிஸ்டை வரிசை மாற்றியதும் பக்கத்து ஷாட் கண்ணிலிருந்து போய்விட்டது.

பக்கத்துக்கு ஆறு கட்டம் போட்ட ஸ்டோரிபோர்டுத் தாள் கதை வரிசையை நன்றாகவே காட்டும், ஆனால் அதைக் கலைக்க முடியாது. லொகேஷனில் தாளைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு ஷாட் சேர்ந்தால் ஓரத்தில் கிறுக்க வேண்டியதுதான். சாஃப்ட்வேரில் இது சுலபம், இழுத்து இடம் மாற்றலாம். ஸ்டோரிபோர்டர் என்கிற இலவசச் செயலி இதற்கென்றே இருக்கிறது, வேகமாக வரைய உண்மையிலேயே நல்ல கருவி. ஆனால் வெயிலில் திரை தெரியாமல், ஒரு கையில் லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, இருபது ஷாட் தள்ளி இருக்கிற பிரேமைத் தேடுவது எனக்கு ஒத்துவரவில்லை.

அட்டையில் இரண்டு வரிசையும் கைக்குள் இருக்கின்றன. 22ஐ எடுக்கும்போது அட்டைக் கட்டிலிருந்து 21ஐயும் 23ஐயும் உருவி, மூன்றையும் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் போதும். அம்புக்குறிகள் ஒரே திசையில் போகின்றனவா என்பது ஒரே பார்வையில் தெரியும். இது புதுமையும் இல்லை. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவில் ஸ்டோரிபோர்டு உருவானபோதே அது தனித்தனித் தாள்களைப் பலகையில் குத்திவைத்து, வேண்டியபடி இடம் மாற்றுகிற முறையாகத்தான் இருந்தது.

நான் செய்வது இப்படி. 3க்கு 5 அங்குல அட்டையில் 9.6 செ.மீ. அகலம், 5.4 செ.மீ. உயரத்தில் ஒரு கட்டம். அது சரியாக 16:9. கீழே இரண்டு செ.மீ. இடம் மிஞ்சும், அதில் ஷாட் அளவு, ஒலி, தேவையான பொருள். ஆள் நகர்வதற்குக் கட்டத்துக்குள் அம்புக்குறி, கேமரா நகர்வதற்குக் கட்டத்துக்கு வெளியே. கதை எண்ணை மூலையில் பெரிதாக எழுதிவிடுவேன், எத்தனை தடவை கலைத்தாலும் நிமிடத்தில் அடுக்கிவிடலாம். 14க்கும் 15க்கும் நடுவில் புதிதாக ஒன்று வந்தால் அது 14அ, ஒரே ஒரு புது அட்டை. ஷாட் ஓகே ஆனதும் அட்டையைக் கவிழ்த்துவிடுவேன். பொழுது சாயும்போது நிமிர்ந்து கிடப்பவைதான் பாக்கி வேலை.

வரையத் தெரிய வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். தலைக்கு ஒரு முட்டை, மூக்குக்கு ஒரு கோடு. அந்த மூக்கு முக்கியம், அது இல்லாவிட்டால் லெஃப்ட் லுக்கா ரைட் லுக்கா என்று தெரியாது. அடிவானக் கோட்டையும் போட்டுவிட்டால் கேமரா உயரமும் புரிந்துவிடும்.

இன்னொரு பயன், படப்பிடிப்புக்கு முந்தைய நாள். அட்டைகளை ஒவ்வொன்றாக போனில் படம் எடுத்து, எடிட்டிங் டைம்லைனில் அடுக்கி, வர்ணனையை நானே பேசி ஓடவிடுவேன். ஒரு தடவை நான்கு நிமிடம் என்று நினைத்தது ஐந்தேகால் நிமிடம் ஓடியது. எடுக்காமலே ஆறு ஷாட் குறைந்தது.

எழுதிக் கொடுத்தால் படம் தரும் ஏஐ கருவிகளில் இரண்டு வேலைகளுக்கு மட்டும்தான் முயன்றேன், அதனால் இதை அரைகுறை அனுபவமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். படம் பளபளவென்று இருந்தது, ஆனால் அந்த அறை நம் அறை இல்லை. சுவருக்குள் போய் நின்றால்தான் கிடைக்கிற கோணத்தில் ஒரு பிரேம் வந்தது. பணம் போடுபவருக்குக் காட்ட அது உதவக்கூடும். லொகேஷனுக்கு என் முட்டைத் தலைகளையே கொண்டு போகிறேன்.

பெரிய குழுவில் நான் வேலை செய்தது குறைவு. பல துறையினர் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கட்டு அட்டை போதாது என்றுதான் தோன்றுகிறது, அங்கே ஷாட் லிஸ்ட் கண்டிப்பாக வேண்டும். பேட்டிக்கும் நேரலை நிகழ்ச்சிக்கும் நானே அட்டை போடுவதில்லை. யார் என்ன பேசுவார், எப்போது எழுவார் என்று தெரியாத இடத்தில் பிரேமை வரைந்து பயனில்லை. அங்கே பத்து வரி லிஸ்ட் போதும். ஆனால் கை, முகம், கருவி, பொருள் என்று துண்டு துண்டாக எடுத்து ஒட்டுகிற எதற்கும் அட்டை இல்லாமல் இப்போது கிளம்புவதில்லை. அந்தத் தச்சரை இன்னொரு வீடியோவுக்காகத் திரும்ப எடுத்தபோதும் அதே ஜன்னல் வெளிச்சம் வந்தது. வைடு ஷாட்டின் அட்டையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை கேமராவை விட்டுவிட்டு மேசையைத் திருப்பிப் போட்டோம்.